தெற்கு மடைப் பாட்டுக்குப் பொருள் சொன்னவள்

ஐந்தாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர்களே, குரல் பதிகிற அந்த ரேப் ரெக்கோடரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாம்பல் நிறப் பெட்டி, மேலே இரண்டு சில்லு. பாட்டுச் சேர்க்க வந்த மாஸ்டர் அதைத் தோல் வாரில் கொழுவிக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினால் நாங்கள் விளையாட்டை விட்டுவிட்டு ஓடுவோம். அதற்குள் நம்முடைய குரல் போய், நாம் வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது திரும்பி வந்தது. என் குரலை முதன்முதலாகக் கேட்டபோது, இது யாருடைய மூக்கடைத்த குரல் என்று நான் கேட்டேன். நீங்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

இப்போது உங்களில் பாதிப் பேர் குளிர் நாடுகளில் இருக்கிறீர்கள். மிச்சப் பேர் வவுனியாவில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறீர்கள். அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம், ஏனென்றால் சொல்லவேண்டிய ஆளுக்கு முதலில் சொல்லிவிட்டேன்.

அந்த வருஷக் காலபோக நெல் நன்றாக விளைந்திருந்தது. மாசி மாதம். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து, துணுக்காய்ப் பக்கத்துக் குடியேற்றத்தில் காடு வெட்டி வயலாக்கியது. அப்பா, அம்மா, நான், அம்மாவின் கடைசித் தங்கை. அவரை ஆசையம்மா என்று கூப்பிடுவேன். தாய் தகப்பன் இல்லாதவர், அக்காவோடு வந்துவிட்டார். அப்போது அவருக்கு இருபத்திமூன்று, இருபத்திநான்கு இருக்கும். காடு வெட்டின காலத்தில் அப்பாவுக்குச் சமமாகக் கோடரி பிடித்தவர் என்று ஊரே சொல்லும். அவருடைய உள்ளங்கை அப்பாவின் உள்ளங்கையைவிடக் கரடாக இருக்கும். என் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மயிர் அதில் சிக்கும்.

வாய்க்காலின் கீழ்ப்பக்கம் முஸ்லிம் ஆட்களுடைய வயல்கள். அதில் ஒரு குடும்பத்து மனிசியை நாங்கள் ராத்தா என்போம். அவருடைய மனிசர் சைக்கிளில் சீலை மூட்டை கட்டிக்கொண்டு போய் விற்பவர், வெட்டுக் காலத்தில் வயலுக்கு வந்துவிடுவார். ராத்தாவுக்கும் ஆசையம்மாவுக்கும் எப்படி ஒட்டியது என்று தெரியாது. ஒருவரில்லாத இடத்தில் மற்றவரைப் பார்க்க முடியாது. ராத்தா கிண்டிக் கொண்டு வரும் தொதல் இனிப்பில் பெரிய துண்டு ஆசையம்மாவுக்கு, சின்னத் துண்டு எனக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து நெல் அருவி வெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இன்றைக்கு ஒரு வீட்டு வயல், நாளைக்கு அடுத்த வீட்டு வயல் என்று எல்லாரும் கூடி வெட்டுவார்கள். பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். ஒருத்தி அடி எடுப்பாள், பக்கத்தில் நிற்பவள் மறு அடி சொல்வாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முதல்நாள் வெட்டில் யாரும் தன் மனக்குறையைப் பாட்டாகக் கட்டிப் பாடலாம். பெயர் மட்டும் சொல்லக்கூடாது. மாமியை, புருஷனை, காணிக்காரரை, யாரை வேண்டுமானாலும் பாடலாம். யாரைப் பற்றிப் பாட்டோ அந்த ஆள் வயலிலேயே நின்றாலும் கோபிக்க முடியாது. ஒரு மருமகள் தன் மாமியின் கஞ்சத்தனத்தைப் பாட, அதே மாமி இரண்டு ஆள் தள்ளிக் குனிந்து நின்று மறு அடி சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாடி முடிந்ததும் அரிந்த கதிரை உப்பட்டியாகப் பரப்பிவிட்டு இருவரும் ஒரே சட்டியில் புட்டுச் சாப்பிட்டார்கள்.

ஆனால் வரம்பைத் தாண்டி வெளியே வந்தால் அந்தப் பாட்டைப் பற்றிக் கதைக்கக்கூடாது. யாருக்குப் பாடியது, என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் யாரும் சொல்வதில்லை. கோர்ட்டுக்குப் போக வழியில்லாத பெண்களுக்கு அந்த ஒருநாள்தான் கோர்ட்டு. அங்கே சொன்னது வெளியில் வந்தால் அடுத்த வருஷம் யார் வாயைத் திறப்பார்கள்? இந்தக் கட்டுப்பாடு எனக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்காத அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

அந்த வருஷம் ஆசையம்மா கட்டிய பாட்டு இது:

தெக்கு மடையாலை தண்ணி வருமெண்டு
தேத்திச் சொன்ன வாய் எங்கை
வத்தின வரம்பிலை வாடி நிண்டேனே
வாய்க்கால் திருப்பின கை எங்கை

அதற்கு ராத்தா சொன்ன மறு அடி:

கை எங்கை எண்டு ஏனடி தேடுறாய்
கதிர் முத்தின பிறகேன் தண்ணி
உன்னோடை நிண்டு உப்பட்டி போட
ஒருத்தி இருக்கிறன் கண்ணி

ராத்தா கடைசி அடியைச் சொல்லும்போது நிமிர்ந்து, அரிவாள் பிடித்த கையால் ஆசையம்மாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வயல் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அப்பா அன்றைக்குக் கதிர்க்கட்டுச் சுமந்தவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வெயிலில் களைத்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

மாஸ்டர் அந்தக் கிழமைதான் வந்தார். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறவர், நாட்டுப்பாட்டுச் சேர்த்து றேடியோவில் பேசுகிறவர். வெள்ளை நஷனல் சட்டை, நல்ல வாசனை, எல்லாரையும் "அம்மா", "அக்கா" என்று மரியாதையாகக் கூப்பிடும் வாய். பெண்கள் முதலில் வெட்கப்பட்டு, பிறகு போட்டி போட்டுக்கொண்டு பாடினார்கள். ஆசையம்மாவும் ராத்தாவும் சேர்ந்து தெற்கு மடைப் பாட்டைப் பாடினார்கள். பாடி முடிந்ததும் மாஸ்டர் கொப்பியை எடுத்தார்.

"பாட்டு இருந்தால் காணாது அக்கா. அதுக்குப் பின்னால இருக்கிற கதை வேணும். இது ஆருக்குப் பாடினது?"

"அது சும்மா பாட்டு மாஸ்டர்" என்றார் ஆசையம்மா.

மாஸ்டர் ராத்தாவிடம் திரும்பினார். ராத்தாவின் மனிசர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து இருத்தியிருந்ததால், கனநேரம் அவர்களோடு இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஊர் முழுக்க அதைப் பார்த்தது. ராத்தா சிரித்துக்கொண்டே சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "குனிஞ்சு நிக்கிற முதுகு நோகாமல் இருக்கப் பாடுறது மாஸ்டர். வேறை கதை ஒண்டும் இல்லை."

அடுத்தநாள் வாய்க்கால் கரையில் மருதமரத்துக்குக் கீழே மாஸ்டர் தனியே இருந்தார். நான் அந்தப் பெட்டியைப் பார்க்கப் போனேன். சிவப்புப் பொத்தானை அமத்திப் பார்க்க விட்டார். இரண்டு சில்லும் சுற்றின.

"நீ கெட்டிக்காரப் பிள்ளை. உனக்குத் தெரியாமல் இருக்காது. அந்தத் தெற்கு மடைப் பாட்டு ஆரைப் பற்றினது?"

நான் தலையை ஆட்டினேன். "சொல்லக்கூடாது மாஸ்டர்."

"என்னட்டைச் சொன்னால் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கும். வெளியில போகாது."

பெட்டிக்குள் போனது வெளியில் வருவதற்காகத்தான் பெட்டியே செய்திருக்கிறார்கள். முதல்நாள் என் குரலே அதிலிருந்து வந்ததைக் கேட்டவள் நான். ஆனாலும் நம்பினேன். அவர் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னார், எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"ஓவசியரைப் பற்றினது" என்றேன்.

ஓவசியர் என்றால் வாய்க்கால் தண்ணியைப் பங்கு பிரித்துத் திறந்து விடுகிறவர். அமைதியான மனிதர். எங்கள் வீட்டுப் படலையடியில் வரும்போது மட்டும் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பார். ஆசையம்மாவுக்கு அவர் ஒரு பவுடர் பேணி கொடுத்திருந்தார். மஞ்சள் நிறம், மூடியில் ரோசாப்பூ. அது அரிசிப் பெட்டிக்குள் சாக்குத் துண்டில் சுற்றி இருந்தது. ஆசையம்மாவையும் ராத்தாவையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. நான் சர்க்கரை களவெடுக்கப் போய்க் கையில் தட்டுப்பட்டு, திறந்து மணந்து பார்த்துவிட்டு வைத்தேன். அதையும் மாஸ்டருக்குச் சொன்னேன்.

"இப்பவும் வாறவரோ?"

"இப்ப ரெண்டு கிழமையா வாறேல்லை." அவருக்கு அப்போது மேல் வாய்க்காலில் உடைப்பு அடைக்கிற வேலை. அது எனக்குத் தெரியும். சொல்லத் தோன்றவில்லை.

"அப்ப ஏமாத்திக் கைவிட்டிட்டார்."

அந்தச் சொற்கள் என்னுடையவை அல்ல. அவர் எடுத்துக் கொடுத்தார். நான் செய்ததெல்லாம் மறு அடி சொன்னதுதான்.

"ஓம்" என்றேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாட்டு றேடியோவில் போகும் என்று கடிதம் வந்தது. சங்கக்கடை வாசலில் றேடியோவைத் தூக்கி மேசையில் வைத்தார்கள். நீங்களும் வந்திருந்தீர்கள், ஆலங்கட்டி இனிப்பு உறிஞ்சிக்கொண்டு முன்னுக்கு இருந்தீர்கள். பெண்கள் கோயிலுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார்கள். ஆசையம்மா ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன், அந்தக் கைகள்தான் என் கண்ணுக்கு நேரே இருந்தன.

பாட்டு வந்தது. ராத்தாவின் மறு அடியில் எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மாஸ்டரின் குரல் வந்தது. வன்னி வயல்களில் இப்படி எத்தனை கண்ணீர்க் கதைகள் புதைந்திருக்கின்றன என்று தொடங்கினார். தண்ணீர் திறக்கும் பதவியிலுள்ள ஒருவர் ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஆசை காட்டிக் கைவிட்ட கதை இது என்றார். பூப்போட்ட பவுடர் பேணி ஒன்றை அவள் இன்னும் அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றார். பிறகு சொன்னார்: "இதை நமக்குத் தெரிவித்தவர் அந்தப் பாடகியின் உற்ற தோழி."

பத்து வயதுப் பிள்ளையின் வாயைக் கிண்டி எடுத்தேன் என்று சொல்ல அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்திருக்கும். தோழி என்றால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார். ஒரு சொல்லை அழகுக்காக மாற்றினார், அவ்வளவுதான். ஆசையம்மாவின் கை ராத்தாவின் கையிலிருந்து கழன்றது. அவர் திரும்பி ராத்தாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு வீட்டுக்கு நடந்தார்.

"தங்கச்சி, அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுறன், நான் வாயே திறக்கேல்லை" என்று ராத்தா பின்னால் போனார். ஆசையம்மா நிற்கவில்லை. ஊர்ப் பெண்களும் ராத்தாவை விட்டு ஒவ்வொருவராக விலகினார்கள். மாஸ்டரோடு கனநேரம் கதைத்தவர் அவர்தானே. அதோடு, இப்போது யோசித்தால், அவர் கீழ் வயல் ஆள், எங்கள் ஆள் இல்லை. அதனால் எங்கள் ஆட்களுக்கு அது மிகச் சுலபமாக இருந்தது. நான் றேடியோ மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை என் பெயர் வரவில்லை என்று நினைத்தேன். அன்றைக்கு நான் பட்டது நிம்மதி. அதை நினைத்துத்தான் இன்றைக்கும் கூசுகிறேன்.

வீட்டில் அப்பா ஒரு வசனம்தான் சொன்னார். "பாட்டுப் பாடித் திரிஞ்சால் இப்பிடித்தான்." அடிப்பார் என்று பயந்த எனக்கு அது அதிசயமாக இருந்தது. ஓவசியர் வேறு இடம் கேட்டு மாறிப் போனார். அவர் வராமல் இருந்தது வாய்க்கால் உடைப்பால், ஆனால் ஆசையம்மா தன்னை ஊர் நடுவே ஏமாற்றுக்காரன் என்று பாடியதாகத்தான் அவர் விளங்கிக்கொண்டார். போகிற அன்றைக்கு எங்கள் படலையடியால் சைக்கிள் போனது. மணி அடிக்கவில்லை. பவுடர் பேணியை ஆசையம்மா கிணற்றுக்குள் போட்டார், தண்ணி அள்ளும்போது சில நாள் வாசம் வந்தது. அதற்குப் பிறகு அவர் வெட்டுக்குப் போனார், வாயைத் திறக்கவில்லை. கலியாணப் பேச்சும் ஒன்றும் சரிவரவில்லை.

பாட்டின் உண்மைப் பொருள் அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. ஏதோ பேச்சில் நான் ஓவசியரைச் சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது ஓவசியருக்குப் பாடினதில்லை. உன்ர கொப்பருக்குப் பாடினது."

காடு வெட்டும்போது அப்பா ஆசையம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். தெற்கு மடையடியில் வெட்டி எடுக்கிற இரண்டு ஏக்கரும் உனக்குத்தான், சீதனமாக எழுதித் தருவேன் என்று. அந்த நம்பிக்கையில் அவர் இரண்டு வருஷம் கோடரி பிடித்தார். காணி பெர்மிற் எழுதும்போது அப்பா அந்தக் காணிக்குத் தன் தம்பியின் பெயரைப் போட்டுவிட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆசையம்மா வீட்டில் சண்டை பிடிக்கவில்லை, வயலில் பாடினார். கதிர்க்கட்டோடு நின்ற அப்பா அதைக் கேட்டார். இன்னொரு வருஷம் பாடியிருந்தால், ஊர் விளங்கிக்கொண்டு முகம் பார்த்திருந்தால், வெட்கத்துக்காவது எழுதிக் கொடுத்திருப்பார் என்று அம்மா சொன்னார். நான் மாஸ்டருக்குச் சொன்ன பொருள் அப்பாவைக் காப்பாற்றியது. றேடியோவில் வந்தது பொய் என்று அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அப்பா செத்து எத்தனையோ வருஷம், எனக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ராத்தாவுக்கு உண்மையான பொருள் தெரியும், ஆசையம்மா அவருக்கு மட்டும் சொல்லியிருந்தார். அதனால்தான் ஆசையம்மாவின் காயம் ஆறவில்லை. உண்மை தெரிந்தவள் ஒருத்தி, நல்ல கதையாக இருக்கட்டும் என்று பொருளைப் பொய்யாக மாற்றிச் சொல்லித் தன்னை விற்றுவிட்டாள் என்று அவர் நினைத்தார்.

பிறகு, இயக்கம் கட்டளையிட்டு அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் வீடு வாசலை விட்டுப் போகவேண்டி வந்த வருஷம். அப்போது நான் பிள்ளையில்லை, எனக்குக் கலியாணமாகியிருந்தது, வீட்டுக்கு வந்திருந்தேன். ராத்தா ஒரு பையும் கையுமாகப் படலையடியில் வந்து நின்றார். றோட்டில் லொறி நின்றது. ஆசையம்மா குசினிக்குள் இருந்தார். அவர் வரவில்லை.

ராத்தா தன் அரிவாளை என்னிடம் நீட்டினார். பிடியில் நீலச் சீலைத் துண்டு சுற்றியிருந்தது. "எனக்கு இனி வயல் இல்லை. உன்ர ஆசையம்மாட்டைக் குடு" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "நான் சொல்லேல்லை எண்டு நீயாவது ஒருநாளைக்கு அவவுக்குச் சொல்லு மகள்."

"ஓம்" என்றேன்.

லொறி போனது. அரிவாளைக் கொண்டுபோய்க் குசினி வாசலில் வைத்தேன். ஆசையம்மா அதைத் தாண்டித் தாண்டி நடந்தார். பிறகு சண்டைக்குப் பயந்து ஓடின ஓட்டங்களில் அதுவும் போனது, வீட்டுக் கூரையும் போனது, ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

நாட்டில் சண்டை முடிந்து கன வருஷத்துக்குப் பிறகு ராத்தா தன் மகனோடு தங்கள் ஆட்களின் ஊருக்குத் திரும்பி வந்தார். இரண்டு தரம் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார், ஒருக்கா வரச்சொல்லி. "எனக்கு அந்த ஊரில ஒரு அலுவலும் இல்லை" என்றார் ஆசையம்மா. போன வருஷம் ராத்தா மௌத்தாகிவிட்டார். மகன் அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னார். "எப்ப?" என்று மட்டும் ஆசையம்மா கேட்டார். பிறகு முருங்கையிலை உருவிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆசையம்மா இப்போது, எனக்குக் கன வருஷம் பின்னால் பிறந்த என் தம்பியின் வீட்டில், அப்பாவின் காணியிலேயே இருக்கிறார். போன மாசியில் நான் அங்கே போயிருந்தேன். தம்பியின் கடைக்குட்டி பள்ளிக்கூடப் போட்டிக்கு ஒரு நாட்டுப்பாட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். போனில் எடுத்த பாட்டு, யாரோ புதிதாகப் பாடி வாத்தியம் போட்டிருந்தார்கள். கீழே பொருளும் எழுதியிருந்தது. ஆசிரியர் பெயர் தெரியாத வன்னிப் பாட்டு, நீர்ப்பாசன அதிகாரியால் கைவிடப்பட்ட பெண்ணின் புலம்பல், தோழி கூறிய தகவல். எங்களுடைய எல்லாம் அழிந்த பிறகும் என் பொய் மட்டும் ஒரு கீறலில்லாமல் வந்து நின்றது.

பிள்ளை பாடினாள். தெக்கு மடையாலை தண்ணி வருமெண்டு. நான்கு அடியோடு நிறுத்திவிட்டாள்.

கதிரையில் இருந்த ஆசையம்மா தலையை நிமிர்த்தினார். "மற்ற அடி எங்கை?"

"அவ்வளவுதான் அப்பம்மா, போனில இவ்வளவுதான் இருக்கு."

"ராத்தாவின்ர அடி எங்கை?" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டு ஐம்பது வருஷம். "அவவின்ர அடி இல்லாட்டி அது பாட்டே இல்லை, பிள்ளை."

நான் பிள்ளையைத் தண்ணி எடுத்து வர அனுப்பினேன். ஆசையம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். மருதமரம், சிவப்புப் பொத்தான், பவுடர் பேணி, எல்லாவற்றையும் சொன்னேன். படலையடியில் ராத்தா கேட்டதையும், நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அழுதால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று அழாமல் சொன்னேன்.

அவர் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"நீயோ சொன்னனீ?"

"ஓம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் தன் வலது கையை விரித்து மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுமையில் அந்தக் கரடெல்லாம் தேய்ந்து உள்ளங்கை மெதுமையாகிவிட்டது.

"அப்ப நான் செத்தவீட்டுக்குப் போயிருக்கலாம்" என்றார்.